பார்த்ததற்கெல்லாம் கேஸ் போட முடியுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வயது 17. காலையில் அவள் பஸ் ஏறும் நிறுத்தத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எதிரே நின்றுகொண்டு அவளையே வெறித்துப் பார்க்கிறார். இரண்டு மாதமாக இதே கதை. பேசுவதில்லை, கிட்டே வருவதில்லை. ஆனால் அவள் ஏறும் பஸ்ஸில்தான் ஏறுகிறார். இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல், அவளைப் பார்க்க வசதியான இடத்தில் நின்றுகொள்கிறார். “பார்த்ததற்கெல்லாம் கேஸ் போட முடியுமா, பஸ்ஸை மாற்றிக்கொள்ளச் சொல்” என்கிறார் என் கணவர். “14 வினாடிக்கு மேல் பார்த்தாலே ஜெயில்தான், நாலு தட்டு தட்டி ஸ்டேஷனில் விட்டுவிடலாம்” என்கிறான் என் தம்பி. பார்வையால் தொல்லை கொடுப்பவர்களைத் தண்டிக்கத் தனிச் சட்டமே வர வேண்டும் என்பது என் கட்சி. அப்படி வந்தால் சும்மா நிற்கிற ஆண்களெல்லாம் உள்ளே போக வேண்டியதுதான் என்று கணவர் சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தம்பியின் 14 வினாடிக் கணக்கை முடித்துவிடுவோம். இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. 2016 ஆகஸ்ட்டில் கேரளத்தின் கலால் ஆணையராக இருந்த ரிஷிராஜ் சிங் ஒரு விழாவில் பேசும்போது, ஒரு பெண்ணை 14 வினாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் வழக்குப் பதியலாம் என்றார். அவர் எங்கிருந்து அந்த எண்ணைப் பிடித்தார் என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள், கேலியும் பறந்தது. ஆனால் சொன்னவர் உயர் அதிகாரி என்பதால் அது இன்றைக்கும் சட்டம் போலவே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்புறம் அந்த “நாலு தட்டு” யோசனை. தம்பி கைவைத்த அடுத்த நிமிடம் காயம் விளைவித்த வழக்கு அவர் மேல் வரும். உங்கள் மகளை இரண்டு மாதம் துன்புறுத்திய ஆள் புகார்தாரராகிவிடுவார். அந்தப் பேச்சை வீட்டுக்குள்ளேயே நிறுத்துங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. பார்த்ததற்குக் கேஸ் போட முடியுமா? முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதபடிதான் சட்டம் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான தொல்லைகளுக்கு அதில் பல பிரிவுகள் உண்டு. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை ஒட்டி 2013இல் சேர்க்கப்பட்டவை அவற்றில் சில. ஆபாசமாகப் பேசினால், அத்துமீறித் தொட்டால் 75ஆவது பிரிவு. உடை மாற்றும்போதோ குளிக்கும்போதோ ஒளிந்து பார்த்தால், படம் எடுத்தால் 77. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து, தொடர்புகொண்டால் அல்லது தொடர்புகொள்ள முயன்றால் 78. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், ஒலி, சைகை எதையாவது செய்தால், அல்லது அவளுடைய அந்தரங்கத்தில் குறுக்கிட்டால் 79. இதற்கு 3 ஆண்டு வரை வெறுங்காவல்.

உங்கள் மகளின் கதையை இவற்றுக்குள் வைத்துப் பாருங்கள். அந்த ஆள் பேசவில்லை, தொடவில்லை. பொது நிறுத்தத்தில் நிற்கிறார், டிக்கெட் வாங்கிக்கொண்டு பொதுப் பேருந்தில் போகிறார். அந்த ஆளுக்காக வாதாடும் வழக்கறிஞராக என்னை நிறுத்தினால், “பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அந்தத் திசையில் அந்தப் பெண் நின்றது அவர் குற்றமா?” என்று கேட்பேன். 79ஆவது பிரிவில் நோக்கத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது. வெறும் பார்வையிலிருந்து நோக்கத்தை நிரூபிப்பது லேசான வேலை இல்லை. உங்கள் கணவர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். உங்கள் மகளுக்கு வயது 17. 18 நிரம்பாதவர்களுக்கு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ பின்தொடர்வது, கவனித்துக்கொண்டிருப்பது, தொடர்புகொள்வது ஆகிய மூன்றும் அதன் 11ஆவது பிரிவின்படி பாலியல் தொல்லைதான். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். பேச வேண்டும், தொட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அதைவிட முக்கியம் 30ஆவது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தத் தவறான நோக்கம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் அவர். தினமும் அங்கே நின்று அவளையே பார்த்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், அது உண்மை. ஆனால் “பஸ்ஸைத்தான் பார்த்தேன்” என்று ஒரு வரியில் தப்பிக்க முடியாது.

ஆக, நீங்கள் கேட்கும் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவளுக்கு 18 முடிந்ததும் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதுதான் உங்கள் வாதத்துக்கு உண்மையான பலம். பிறந்தநாளுக்கு முந்தின நாள் குற்றமாக இருப்பது மறுநாள் எப்படி ஒன்றுமில்லாமல் போகும் என்று நீங்கள் கணவரைக் கேட்கலாம்.

சரி, வயது வந்த பெண்களுக்கு? தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம் சீண்டியதில் ஒரு கல்லூரி மாணவி கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்று பிறந்து, இப்போது பெண்களுக்கு எதிரான தொல்லைகளைத் தடுக்கும் சட்டம் என்று வழங்குகிறது. இதில் தொல்லைக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பெண்ணுக்கு மிரட்சி, அச்சம், அவமானம் அல்லது சங்கடம் ஏற்படுத்தும், அல்லது ஏற்படுத்தக்கூடிய அநாகரிகமான நடத்தை எதுவானாலும் தொல்லைதான். 79ஆவது பிரிவு ஆணின் மனதுக்குள் என்ன இருந்தது என்று கேட்கிறது. இந்தச் சட்டம் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. தொடர்ந்து வெறிக்கும் பார்வையை இதற்குள் கொண்டுவர முடியும் என்பது என் கருத்து. அநாகரிகம் என்பதை மட்டும் சம்பவ விவரங்களால் நிலைநாட்ட வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி தண்டனை அல்ல. கல்லூரி, கோயில், திரையரங்கு, பேருந்து நிறுத்தம், பூங்கா, கடற்கரை என்று ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பானவர்கள் தொல்லையைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், நடந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது அவர்கள் தலையில் கடமையை வைக்கிறது. ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே நாடு முழுமைக்கும் உத்தரவாகச் சொன்னது. பேருந்து நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ், கேமரா, எச்சரிக்கைப் பலகை எல்லாம் அந்தத் தீர்ப்பில் உண்டு.

அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். பேருந்து நிலையத்தில் கணவரோடு நின்ற ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு யாருமில்லை, ஒரு போலீஸ்காரர். குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் விடுதலையாகிவிட்டார். புகார் கொடுத்த தம்பதியே சாட்சிக்கூண்டில் பேச்சை மாற்றி, பிறழ் சாட்சிகளாகிவிட்டார்கள். ஆனால் காவல் துறை தன் விசாரணையில் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது. அந்தத் தம்பதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத் தொல்லைக்காக எத்தனை வாய்தாவுக்கு அலைவது? சிறைத் தண்டனை வரை போகும் ஒரே வழியை மட்டும் வைத்திருந்தால் அதில் கடைசி வரை நடக்க ஆள் கிடைக்காது. அங்கே பலன் தந்தது கீழ்ப்படியில் இருந்த துறை நடவடிக்கைதான்.

இதனால்தான் தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு உற்சாகம் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. கொடுங்குற்றங்களுக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் பார்வைக்கு ஐந்தாறு வருடம் என்று எழுதி வைத்தால் எந்த இன்ஸ்பெக்டர் அதைப் பதிவார்? “இதற்குப் போயா” என்று எச்சரித்து அனுப்பிவிடுவார். தண்டனை பெரிதாகப் பெரிதாக, சின்னத் தொல்லைகள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதே இல்லை.

மாறாக, 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பேருந்தில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசில் அடிப்பது, ஆபாசப் பாட்டுப் பாடுவது, செல்போனில் படம் எடுப்பது எல்லாம் தடை. மீறுகிற பயணியைக் கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், வழியில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். உதவி செய்கிற சாக்கில் பெண்களைத் தொடக் கூடாது, கேலி பேசக் கூடாது என்று கண்டக்டருக்கும் சேர்த்தே கடிவாளம் போட்டார்கள். அப்போது இதைச் சிரித்து ஒதுக்கியவர்கள் அதிகம். எனக்கென்னவோ, மேலே சொன்ன எல்லாச் சட்டங்களையும்விட இந்த விதி பஸ்ஸில் போகிற பெண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நேரம் காலை எட்டரை. அங்கே இருப்பவர் கண்டக்டர். கூட்டத்தின் முன் “சார், தள்ளி நில்லுங்க, இல்லன்னா இறங்குங்க” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். கண்டக்டர்களுக்கு இந்த விதி சொல்லித்தரப்பட்டிருக்கிறதா, அவர் குரல் கொடுத்தால் நிர்வாகம் அவர் பக்கம் நிற்குமா என்பதுதான் நாம் போராட வேண்டிய இடம்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். பிலிப்பைன்ஸின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வெறிக்கும் பார்வையைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. முதல் தடவைக்கு ஜெயில் இல்லை; 1,000 பெசோ அபராதம், 12 மணி நேரச் சமூகப் பணி, அதற்குள்ளேயே ஒரு வகுப்பு. மறுபடி மறுபடி செய்தால்தான் சிறை. பிரான்ஸ் 2018இல் தெருத் தொல்லைக்கு உடனடி அபராதம் கொண்டுவந்தது. போலீஸ்காரர் கண்ணெதிரே நடந்தால்தானே பிடிக்க முடியும் என்ற விமர்சனம் அங்கேயும் எழுந்தது. லண்டன் ரயில்களில் 2022இல், பாலியல் நோக்கோடு வெறித்துப் பார்ப்பதும் தொல்லைதான் என்று போஸ்டர் ஒட்டினார்கள். இவற்றில் எனக்குப் பிலிப்பைன்ஸ் வழி பிடிக்கிறது. குற்றத்தின் அளவுக்குத் தண்டனையின் அளவு. அதனால் அதைக் கொடுக்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் கணவரின் பயத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் 2017இல் பெண்களைப் பாதுகாக்க என்று ஆன்ட்டி ரோமியோ படைகள் கிளம்பின. பூங்காவில் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஜோடிகளையும், சும்மா நின்ற பையன்களையும் பிடித்து விரட்டியதாக உடனே புகார்கள் குவிந்தன. பார்வை என்பது தடயம் விடாத செயல். அதைத் தனிக் குற்றமாக்கி போலீஸ் கையில் கொடுத்தால், முதலில் மாட்டுகிறவர் ஏசி காரிலிருந்து பார்க்கிறவராக இருக்க மாட்டார். தெருவோரம் நிற்கிற கூலித் தொழிலாளியாக, வேற்று மொழி பேசுகிறவராக, முகம் பிடிக்காத சாதிக்காரப் பையனாக இருப்பார். எதையோ யோசித்தபடி ஒரு பக்கமே பார்த்து நிற்பவர்களும், மற்றவர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் ஆட்டிசம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே ஒரு தடவைப் பார்வையைக் குற்றமாக்கும் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் மகள் சொல்வது ஒரு தடவைப் பார்வை இல்லையே. அதே ஆள், அதே நேரம், அதே பஸ், நிற்பதற்கு அவளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம், இரண்டு மாதம். இது ஒரு நடத்தை; இதற்குச் சாட்சி உண்டு, தேதி உண்டு. சட்டம் கணக்கில் எடுக்க வேண்டியது இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதையும், அவள் விலகிப் போன பிறகும் தொடர்வதையும்தான். 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் இது குற்றம் என்று, சிறிய தண்டனையோடு, தெளிவாக எழுதினால் கணவர் பயப்படுகிற அப்பாவி மாட்ட மாட்டார். நீங்களும் அவரும் இந்த இடத்தில் சமாதானமாகிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இனி நாளைக் காலைக் கதை. பஸ்ஸை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். தவறு செய்தவர் இருந்த இடத்திலேயே இருக்க, அவள் விலகிப் போக வேண்டும் என்று அவள் புரிந்துகொள்வாள். அடுத்த தடவை இப்படி ஒன்று நடந்தால் உங்களிடம் சொல்லவே மாட்டாள். இப்போது சொன்னாள் அல்லவா, அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. என்ன செய்யப் போகிறோம் என்பதை அவளையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று நாள் நீங்களோ கணவரோ நிறுத்தம் வரைக்கும் கூடப் போங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், பஸ் தட எண், அந்த ஆள் எங்கே நின்றார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். ஞாபகத்தில் இருக்கும் பழைய நாட்களையும் எழுதலாம். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும். அவளோடு ஏறும் தோழிகள் கவனித்திருந்தால் அவர்கள் பெற்றோரிடம் பேசுங்கள். கண்டக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், 2022 விதி இருக்கிறது என்பதையும் சேர்த்து. அந்த ஆளைப் படம் எடுத்து இணையத்தில் போட வேண்டாம். ஆள் மாறிப் போனால் ஒரு குடும்பம் நாசமாகும், ஆள் சரியாகவே இருந்தாலும் உங்கள் மகள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கண்டக்டர் குரலோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், அல்லது அவளுக்குப் பயம் அதிகமாக இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். அவசரம் என்றால் 112. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகியவையும் உண்டு. மனுவில் “பார்த்தார்” என்று மட்டும் எழுதினால் அங்கே யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மகளின் வயதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எந்தப் பஸ்ஸில் தொடர்ந்து வருகிறார் என்பதைத் தேதி வாரியாக எழுதி, போக்சோ சட்டம் 11ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். இதை எழுதிக் கொடுத்த பிறகு “பேசித் தீர்த்துக்கலாம்” என்பதற்கு இடமில்லை என்பதையும் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள். மகள் ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை. சட்டப்படி அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். கூட நீங்கள் இருக்கலாம்.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோ, எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவை அவர்கள் வாங்க மறுத்தால் அங்கே நின்று வாதாட வேண்டாம். அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதலில் எந்த நிலையத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப் போனீர்கள் என்பதை அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.